யாருடைய இளைப்பாறுதல்?



ஒரு காலத்தில் நம்முடைய ஜனங்களுக்கு விடுமுறை என்றால் பாட்டி வீடு, இல்லாவிட்டால் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கடற்கரை, கொஞ்சம் வசதி இருந்தால் ஊட்டி, கொடைக்கானல். இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். பெற்றோரை அழைத்துக்கொண்டு குடும்பமாய் உல்லாசக் கப்பலில் போகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள், அமெரிக்காவில் மியாமியிலிருந்து ஏழு நாள். நம் சபையிலேயே சிலர் போய்வந்துவிட்டார்கள், சிலர் போகப்போகிறார்கள். போகிறவர்களில் சிலர் என்னிடத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பாஸ்டர், விசுவாசிகள் இப்படிப் போகலாமா? இது தப்பில்லையே?"

தப்பு என்று சொல்லுகிறவர்கள் முதலில் எடுப்பது சூதாட்டத்தையும் மதுவையும்தான். 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் பயணம் தொடங்கினபோது புதுச்சேரியில் பெரிய எதிர்ப்பு எழும்பினது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கப்பலுக்குள் சூதாட்டம் இருக்கிறது, கலாச்சாரம் கெட்டுப்போகும் என்றார்கள். அந்த முறை அங்கே பயணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. நல்லது, சூதாட்டத்தை நான் ஆதரிக்கிறவன் அல்ல. ஆனாலும் கேட்கிறேன்: நம் தெருமுனையில் டாஸ்மாக் கடை இருக்கிறது, அதற்காக நாம் தெருவில் நடக்காமல் இருக்கிறோமா? கப்பலில் சூதாட்ட அறையைக் கடந்து சாப்பாட்டு அறைக்குப் போகிறவனை யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. தன்னடக்கம் உள்ளவனுக்கு அது ஒரு பெரிய சோதனை அல்ல.

இரண்டாவது, பணம். "அத்தனை லட்சத்தை ஊழியத்துக்குக் கொடுக்கலாமே" என்பார்கள். இந்த வாதத்தை ஒரு போதகர் சொல்லும்போது சபையார் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே கேட்பது நல்லது! ஆகையால் அதை நான் சொல்லப்போவதில்லை.

மூன்றாவது, ஓய்வு என்பதே மாம்சத்துக்குரியது என்று நினைக்கிற ஒரு கூட்டம் நம்மிடத்தில் உண்டு. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், புதன்கிழமை வீட்டுக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையும் ஆராதனை, மற்ற நாளெல்லாம் ஆபீஸ், ஓவர்டைம். நம் பிள்ளைகள் அப்பாவோடு சும்மா உட்கார்ந்து பேசின நாள் வருஷத்தில் எத்தனை? மாற்கு ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் களைத்துவந்த சீஷரை ஆண்டவர் தனியே ஓய்வெடுக்க அழைத்துக்கொண்டு போனார். எதில் போனார்கள்? படகில்தான். ஆகவே குடும்பமாய்ப் படகில் ஏறி ஓய்வெடுப்பது பாவம் என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை.

அப்படியானால் எனக்கு என்னதான் கஷ்டம்? சொல்லுகிறேன்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. யாத்திராகமத்தில் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்திலோ காரணம் மாறுகிறது. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன், அதை மறக்காதே என்கிறது. அதனால்தான் அங்கே யாரெல்லாம் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. வீட்டு எஜமான், பிள்ளைகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் ஊருக்குள் பிழைக்க வந்த அந்நியன் வரைக்கும். உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும் என்பதுதான் அந்தப் பகுதியின் கருத்து. எஜமான் நிறுத்தினால்தான் வேலைக்காரன் நிறுத்த முடியும், இல்லையா? தன் ஓய்வைத் தானே முடிவு செய்ய முடியாதவனை முன்னிட்டுக் கொடுக்கப்பட்ட கட்டளை இது.

இப்போது கப்பலுக்கு வாருங்கள்.

2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்லாந்து தேசத்து டூர்க்கு நகரத்தில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 365 மீட்டர். நோவாவின் பேழை 300 முழம் என்று வாசிக்கிறோமே, முழத்துக்கு ஒன்றரை அடி என்று கணக்குப் போட்டால் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்! டைட்டானிக்கைவிட ஐந்து மடங்கு பெரியது. 20 தளங்கள். நெருக்கி ஏற்றினால் பயணிகள் மட்டும் 7,600 பேர். நீச்சல் குளம், சறுக்குத் தண்ணீர், பனிச்சறுக்குத் தளம், எந்நேரமும் சாப்பாடு. இவர்கள் எல்லாருக்கும் சமைக்க, கழுவ, துடைக்க, படுக்கை விரிக்க, இயந்திரம் ஓட்ட 2,350 பணியாளர்கள். பேழையில் 'பயணி' என்று தனியாக ஒருவரும் இருந்திருக்க முடியாது. எட்டுப் பேரும் அத்தனை மிருகங்களுக்கும் தீனி போட்டே ஓய்ந்திருப்பார்கள். இங்கே பயணி வேறு, பணியாளர் வேறு.

பணியாளர் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலான கப்பல்களில் கீழே, தண்ணீர் மட்டத்தை ஒட்டி. சாதாரணப் பணியாளருக்கு ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு அறைக்கு இரண்டு பேர், ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படுக்கை. கீழ்த்தளத்தில் கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரைக்கும் ஒரு நீண்ட நடைவழி உண்டு. அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலை ஒன்றின் பெயரைச் சூட்டி அதை 'ஐ-95' என்று பணியாளர்கள் அழைக்கிறார்கள். சாமான், குப்பை, துணிமூட்டை, ஆட்கள் எல்லாம் போய்வருவது அதில்தான். மேலே இருக்கிற பயணி அதைக் காண்பதே இல்லை.

அவர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதில் ஒரு மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்க நன்றாய் இருக்கிறதல்லவா? கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். 77 போனால் மீதி 91. அதாவது வாரம் 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் இந்த ஓய்வுக் கணக்கு இடிக்காது! தூங்கி எழும்பின மணி நேரங்களையெல்லாம் கூட்டினால் 77 வந்துவிடும். ஒரு முழு நாள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதற்கு அந்தக் கூட்டலில் அவசியமே இல்லை.

இன்னொன்று. மியாமியில் அமெரிக்கர்களை ஏற்றுகிற பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கொடியில் ஓடுவதில்லை. பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று சின்னத் தேசங்களின் கொடி. கொடி எந்த தேசத்துடையதோ, கப்பலுக்குள் பெரும்பாலும் அந்த தேசத்துச் சட்டம். அமெரிக்கக் கப்பல்கள் பனாமாவில் பதியத் தொடங்கின காலத்துக் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, 1922-இல், 'ரிலையன்ஸ்', 'ரெசொல்யூட்' என்ற இரண்டு பயணிகள் கப்பல்களைப் பனாமாவில் பதிவு செய்தார்கள். எதற்கு? கப்பலுக்குள் மது விற்பதற்கு! மதுவிலக்கைத் தாண்ட அன்றைக்கு உதவின அதே வழி, பிற்பாடு கூலிச் சட்டத்தைத் தாண்டவும் உதவியது. மதுவைப் பற்றிக் கவலைப்படுகிற நம்மவர்கள் இந்த இரண்டாவது காரியத்தையும் சேர்த்துக் கவலைப்படலாம் அல்லவா?

பக்தியுள்ளவர்கள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதேயுங்கள். பழைய சங்கதி ஒன்று சொல்லுகிறேன். 1867 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து 'குவாக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பல் ஐரோப்பாவுக்கும் பரிசுத்த தேசத்துக்கும் உல்லாசப் பயணம் புறப்பட்டது. அதைத் திட்டம் பண்ணினவர்கள் யார் தெரியுமா? புரூக்ளினில் இருந்த பிளிமத் சபையைச் சேர்ந்தவர்கள்! அந்தச் சபையின் பிரபல போதகர் ஹென்றி வார்ட் பீச்சர் கூட வருவார் என்று விளம்பரமும் ஆயிற்று. கடைசியில் அவர் வரவில்லை. ஆளுக்கு 1,250 டாலர் கட்டணம், அந்தக் காலத்தில் பெருந்தொகை. கப்பலில் இரவுதோறும் ஜெபக் கூட்டம் நடந்தது. அதில் பயணம் செய்த எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் பிற்பாடு 1869-இல் 'தி இன்னசன்ட்ஸ் அப்ராட்' என்ற புத்தகமாய் அந்தப் பயணத்தை எழுதினார். அவர் பரிகாசக்காரர்தான், அவருடைய கருத்தெல்லாம் நமக்குச் சம்மதமானது அல்ல. ஆனால் அவர் சொல்லுகிற ஒரு காரியம் என்னைக் குத்தினது.

கரையில் இறங்கி லெபனோன் தேசத்துப் பால்பெக்கிலிருந்து தமஸ்குவுக்குக் குதிரையில் போகிறார்கள். வழி மூன்று நாள் வழி. மூன்று நாள் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பிரயாணம் பண்ண வேண்டிவரும். கூட்டத்தில் இருந்த சில பக்திமான்கள் அது கூடவே கூடாது, ஓய்வுநாளை மீற மாட்டோம் என்று நின்றார்கள். என்ன செய்தார்கள்? மூன்று நாள் வழியை இரண்டு நாளுக்குள் முடிக்கும்படி, ஏற்கெனவே களைத்துப்போயிருந்த குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இவர்கள் ஓய்வுநாளை ஆசரித்தார்கள், அதற்கு விலை கொடுத்தது குதிரை. அந்தக் கட்டளையின் பட்டியலில் மிருகமும் இருக்கிறதே, அதை எப்படி மறந்தார்கள்?

இதை நான் எழுதும்போது நம் கன்வென்ஷன் கூட்டங்களையும் நினைத்துக்கொள்ளுகிறேன். மூன்று நாள் நாம் பந்தலில் உட்கார்ந்து ஆசீர்வாதமாய் இருக்கும்போது, பின்னால் புகையில் நின்று ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிறவர் எந்தக் கூட்டத்தில் உட்காருகிறார்? ஞாயிற்றுக்கிழமை நாம் சீக்கிரம் ஆராதனைக்கு வர வேண்டும் என்பதற்காகக் காலை ஆறு மணிக்கே பாத்திரம் தேய்க்க வரச்சொல்லுகிறோமே, அந்த அம்மாவுக்கு ஞாயிறு எப்போது? கப்பலுக்குப் போகாதவர்களும் யோசிக்க வேண்டிய காரியம்.

நம் சபையின் ஒரு தாயாருடைய மகன் இப்படிப்பட்ட ஒரு கப்பலில் அறைப் பணியாளனாய் இருக்கிறான். மியாமியிலிருந்து போய்வருகிற கப்பல். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, அவன் பிழைப்பு. கேட்டரிங் படித்த பிள்ளை. முதலில் ஒரு ஏஜென்ட் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டார். கடல் வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் அந்த வேலைக்காக மாலுமியிடத்தில் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பார்த்துத்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். வாலிபர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குப் பதினாறு அறைகள். காலையில் ஒரு முறை சுத்தம், ராத்திரி ஒரு முறை படுக்கை விரிப்பு. ஒரு நாளுக்குப் பத்து மணி நேரம், பதினோரு மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள். எட்டு மாத ஒப்பந்தம். "அந்த எட்டு மாசத்துல ஒரு முழு நாள் லீவு கெடையாது ஐயா" என்றான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற அறைகளில் துண்டை மடக்கி யானை, குரங்கு, அன்னம் செய்து படுக்கையில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிரியம். அவனுக்கும் நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு ஒரு யானைகூட அவன் செய்து கொடுத்ததில்லை, "வீட்டுக்கு வந்தா துண்டத் தொடவே புடிக்கல ஐயா" என்கிறான். போன முறை லீவில் வந்த முதல் ஞாயிறு, என் பிரசங்கம் ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டான். அவன் அம்மா இடித்து எழுப்பப் போனார்கள். விட்டுவிடுங்கள் என்று மேடையிலிருந்தே கையைக் காட்டினேன். (என் பிரசங்கத்தில் தூங்குகிற எல்லாருக்கும் இந்தச் சலுகை கிடையாது.)

இவ்வளவும் கேட்டு, சரி, அப்படிப்பட்ட கப்பலுக்குப் போகவே வேண்டாம், கை சுத்தமாய் இருக்கட்டும் என்று ஒருவர் தீர்மானிக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் அந்தத் தாயாரிடத்தில் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர்கள் முகம் மாறிவிட்டது. "என்ன பாஸ்டர் இப்படிச் சொல்றீங்க? நீங்க யாரும் போகலன்னா என் பையனுக்கு வேலை ஏது? அவன் அனுப்புற காசுலதான் சின்னவ கல்யாணம் நடந்துச்சு, வீட்டு லோன் கட்டுறோம். இங்க ஓட்டல்ல அவனுக்கு என்ன குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள்.

அவர்கள் சொன்னது வெறும் பேச்சு அல்ல, 2020-இல் நாம் கண்ணாலே கண்டது. அந்த வருஷம் பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலை கொரோனா காரணமாய் நிறுத்திவைத்தார்கள். உள்ளே 3,711 பேர். 700-க்கும் அதிகமானோருக்குத் தொற்று. பயணிகளை அவரவர் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஆனால் சாப்பாட்டுத் தட்டை அறை அறையாய்க் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? பணியாளர்கள்! அவர்களில் 132 பேர் நம் இந்தியர்கள். அவர்களுக்குத் தனி அறை ஏது, ஒதுங்கி இருப்பது ஏது? பிற்பாடு உலகமெங்கும் கப்பல்கள் நின்றன. பயணிகள் வீட்டுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான பணியாளர்கள் கரையிறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள். வீடு வந்து சேர்ந்தவர்களுக்கும் வருமானம் இல்லை. அந்தத் தாயார் வீட்டில் பட்ட பாடு நமக்குத் தெரியும், அரிசி மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நம் சகோதரர்கள்தான். அந்த வருஷம் பல மாதங்கள் உலகத்தில் கிட்டத்தட்ட ஒருவரும் உல்லாசக் கப்பலில் போகவில்லை. அதனால் அவனுக்கு ஓய்வு கிடைத்ததா? வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவனின் ராத்திரிகளை ஓய்வு என்று யார் சொல்லுவார்கள்?

இங்கேதான் கேள்வி முடிச்சுப் போட்டுக்கொள்ளுகிறது. போனால் அவனுடைய ஓய்வை எடுத்து நாம் ஓய்கிறோம். போகாவிட்டால் அவன் சாப்பாட்டிலிருந்து எடுத்து நம் மனச்சாட்சியைச் சுத்தம் பண்ணிக்கொள்ளுகிறோம். 'போகாதே' என்கிற உபதேசம் எளிதாயிருப்பதற்குக் காரணம், அதைச் சொல்லுகிறவனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கிறவனுக்கு.

ஆகையால் என்னிடத்தில் கேட்டவர்களில் ஒருவரான நம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஐயாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "போங்க ஐயா. பேரப்பிள்ளைங்களோட சந்தோஷமா இருங்க. ஆனா எஜமானா போங்க." அவர் விழித்தார். "நான் எங்க எஜமான்? டிக்கெட் எடுத்த ஆளு அவ்வளவுதானே" என்றார். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். கம்பெனி அமர்த்தின ஆள், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று. அந்தக் கட்டளையோ சம்பளம் கொடுப்பது யார் என்று விசாரிக்கிறதே இல்லை. உனக்காக வேலை செய்கிறவனும் உன்னைப்போல் ஓயட்டும் என்கிறது. ஏழு நாள் ஒருவன் என் படுக்கையை விரித்தால், அந்த ஏழு நாளும் அவன் என் வீட்டு வேலைக்காரன்தான். அவனுக்கு முழு ஓய்வுநாளை என்னால் கொடுக்க முடியாது, அது கம்பெனியும் அரசாங்கங்களும் செய்ய வேண்டியது, செய்யும்படி கேட்கவும் வேண்டும். ஆனால் என் கைக்குள் இருக்கிற கொஞ்ச நேரம் உண்டு. அதற்கு நான் கணக்குக் கொடுக்க வேண்டும்.

அது எவ்வளவு நேரம், எப்படிக் கொடுப்பது? இதை நான் யூகித்து எழுதக் கூடாது என்று, போன மாதம் தம்பி போனில் பேசினபோது அவனிடத்திலேயே கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டான், பிறகு சொன்னான். போகிற குடும்பங்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது பணம். அமெரிக்கக் கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை பணியாளருக்கான அன்பளிப்பு என்று கணக்கில் தானாகவே ஏறும். பல கப்பல்களில் அதைக் கேட்டு நீக்கிக்கொள்ளலாம். கடைசி ராத்திரி அதற்கென்றே கவுண்டரில் ஒரு வரிசை நிற்குமாம். "அந்த வரிசைல, சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ண மூடி ஜெபம் பண்றவங்களும் நிப்பாங்க ஐயா" என்றான். நம் சபையார் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

அடுத்தது, கடைசி நாள் கருத்துக் கேட்கிற தாள் வரும். ஐந்துக்கு நாலு போட்டால் நல்ல மார்க் என்று நாம் நினைக்கிறோம். அங்கே அது குறை. அடுத்த ஒப்பந்தம் வரைக்கும் அது பேசும். அவன் பெயரைக் கேட்டு, சரியாய் எழுதி, முழு மார்க் போடுங்கள்.

மூன்றாவதுதான் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னது. "ராத்திரி படுக்கை விரிக்க வர வேண்டாம், காலைல ஒரு தடவ போதும்னு முதல் நாளே சொல்லிடச் சொல்லுங்க ஐயா. ஒரு ரூமுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். நாலு ரூம் அப்படிச் சொன்னா நாப்பது நிமிஷம். அங்க ராத்திரி எட்டரை, ஒம்பது மணின்னா நம்ம ஊர்ல விடியக்காலம், பாப்பா ஸ்கூலுக்குக் கெளம்புற நேரம். வீடியோ கால்ல அவ தல பின்னுறதப் பாத்துருவேன்."